அன்னம்மாளின் கதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு காணொளி பார்த்தேன். 325இல் நைசியாவில் நடந்த ஆயர்கள் சங்கத்தில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் நான்கு நற்செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எரிக்கச் சொன்னானாம். பெண்களை மதித்த தோமா நற்செய்தி அப்படித்தான் போனதாம். உண்மையில் எந்த அளவுகோலில் இந்த நூல்களை விலக்கினார்கள்?

செ.

அன்புள்ள செ.,

காணொளியை விடுங்கள். நைசியாவில் ஆயர்கள் கூடியது, இயேசு தந்தைக்குச் சமமல்ல என்று போதித்த ஆரியஸ் குருவின் விவகாரத்துக்கும், பாஸ்கா என்கிற ஈஸ்டர் தேதிச் சண்டைக்கும். அங்கே இயற்றிய 20 சட்டங்கள் கிடைக்கின்றன. ஒன்றில்கூட நூல் பட்டியல் கிடையாது. நற்செய்தி நான்குதான் என்று லியோன் ஆயர் இரேனியு ஏறத்தாழ 180லேயே அடித்துச் சொல்லிவிட்டார். கான்ஸ்டன்டைன் அப்போது பிறக்கவே இல்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கூடாமல் குறையாமல் வருவது அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய பாஸ்கா மடலில். அதற்குப் பிறகும் சிரியாக்காரர்கள் அதன் கடைசி நூலான திருவெளிப்பாடு இல்லாமலேயே நெடுங்காலம் ஜெபித்தார்கள்.

பெண்களை மதித்த தோமா என்கிறீர்களே, படித்தீர்களா? 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் முழுதாகக் கிடைத்தது. மொத்தம் 114 வாசகங்கள். கடைசி வாசகத்தில் பேதுரு, “மரியாள் நம்மைவிட்டுப் போகட்டும், பெண்கள் வாழ்வுக்குத் தகுதியற்றவர்கள்” என்கிறார். அவளை ஆணாக்குவேன் என்பது அதில் இயேசுவின் பதில். இதை வைத்துக்கொண்டா சண்டைக்குப் போகிறீர்கள்? புரட்டிக்கூடப் பார்க்காத புத்தகத்துக்காக மாரடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் எனக்கும் சதிக்கதைகள் இனிக்கத்தான் செய்தன.

அளவுகோல் கேட்டீர்கள். அப்போஸ்தலர் காலத்தோடு தொடர்பு, பல ஊர்ச் சபைகளில் வாசிக்கும் வழக்கம், கற்பித்த விசுவாசத்தோடு பொருத்தம். அவ்வளவுதான். ஆனால் விலக்குவது என்றால் கொளுத்துவது என்று நினைக்கிறீர்கள், அங்கேதான் தவறு. ‘ஹெர்மாவின் மேய்ப்பர்’ என்ற நூலைப் பற்றி புதிய ஏற்பாட்டு நூல்களின் பழம்பட்டியலான முராத்தோரி பட்டியல் சொல்வதைப் பாருங்கள்: அண்மையில் எழுதியது, அதனால் சபையில் வாசிக்காதே, தனியே வாசி. நான்காம் நூற்றாண்டின் கிரேக்க பைபிள் கையெழுத்துப் பிரதியான சினாய் சுவடியிலோ அதே நூல் புதிய ஏற்பாட்டை அடுத்துச் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது.

கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். பீடத்திலிருந்து இறக்கிய நூல்கள் எங்கே போயின? என் பாட்டியிடம் போயின.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. கரண்ட் போன இரவுகளில் தேவமாதாவைப் பெற்ற அன்னம்மாள், அவள் புருஷன் சுவக்கீன் கதையைச் சொல்வாள். “புள்ள இல்லாதவன் முதல்ல காணிக்கை வைக்கப்படாதுன்னு சுவக்கீனைத் தள்ளிவிட்டானுவ. அவரு காட்டுக்குப் போயிட்டாரு. இவ மரத்தடியில உக்காந்தா மேல குருவிக்கூடு. குருவிக்குக்கூட குஞ்சு இருக்கே ஆண்டவரேன்னு அழுதா.” பிள்ளையில்லாத என் சித்தி அடுப்படியில் இருந்தால் இந்த இடம் சற்று உரக்க வரும். ஆறுதலா குத்தலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த அதிகாரம் என்று மறைக்கல்வி ஆசிரியரிடம் கேட்டேன். பைபிளில் இல்லாததைப் பேசாதே என்று காதைத் திருகினார்.

அது இரண்டாம் நூற்றாண்டில் யாக்கோபு பெயரில் எழுதிய நூல். ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்கிறார்கள். காணிக்கை, காடு, மரம், குருவி எல்லாம் அப்படியே அதில் இருக்கின்றன. நான்கு நற்செய்திகளிலும் இயேசுவின் தாய் மரியாளின் தாய் தந்தை பெயர் கிடையாது. லத்தீன் திருச்சபையில் புழங்கிய பழைய விலக்குப் பட்டியலில் இந்த நூல் இருக்கிறது. இருந்தும் ஜூலை 26 அன்று கத்தோலிக்கத் திருச்சபை யாருக்கு விழா எடுக்கிறது? சுவக்கீனுக்கும் அன்னம்மாளுக்கும். நவம்பர் 21இல் மரியாள் கோவிலில் காணிக்கையான விழா; மூன்று வயதில் கொண்டுவிட்டார்கள் என்பதும் இந்த நூல்தான். இயேசு குகையில் பிறந்ததாகச் சொல்வதும் இதுதான். கோவிலில் வளர்ந்த மரியம் குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்திலும் வருகிறார். நூற்றுக்கும் மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள் கிடைத்திருக்கின்றன. யாரோ கைவலிக்க உட்கார்ந்து எழுதியவை. கான்ஸ்டன்டைன் எரித்த லட்சணத்தைப் பார்த்தீர்களா?

வேதமாக அது ஏற்கப்படாததில் எனக்கு வருத்தமில்லை. எழுதியவருக்கு யூத வழக்கங்களே சரியாகத் தெரியவில்லை, கோவிலில் ஒரு பெண் குழந்தை அப்படி வளர்ந்திருக்க முடியாது. ஆனால் காணிக்கையோடு திருப்பி அனுப்பப்பட்ட கிழவரின் அவமானம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றும் வளைகாப்பில் பிள்ளையில்லாதவளைப் பின்னால் நிற்கச் சொல்கிற ஊரில் அந்தக் கதை எப்படிச் சாகும்? என் சித்தி ஒவ்வொரு ஜூலையும் ஒன்பது நாள் ஜெபம் பிடித்தாள். பிள்ளை பிறக்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

முதலில் இந்த நூலைத் தேடிப் படியுங்கள், சிறியதுதான். மருத்துவச்சியைத் தேடிப் போகும் சூசையப்பருக்கு உலகமே அசையாமல் நின்றுபோகும் இடம் ஒன்று வருகிறது. அதைப் படித்தபிறகு எழுதுங்கள். காணொளி பார்த்துவிட்டு எழுதினால் பதில் போடமாட்டேன்.