மரோனி ஆற்றங்கரை நகரில் விடுதலையான பிரெஞ்சுக் கைதிகள் ஏன் ஊர் திரும்பவில்லை?

சட்டம் விடவில்லை என்பதே பதில். தென் அமெரிக்காவில் பிரான்சு தன் கைதிகளை அனுப்பிய பிரெஞ்சு கயானாவில், மரோனிக் கரையிலுள்ள சான் லோரான் நகரைக் கைதிகளைக் கொண்டே கட்டினார்கள். அவர்கள் சுட்ட செங்கற்களில் சிறை நிர்வாகத்தின் 'ஏ.பி.' முத்திரையை இன்றும் பார்க்கலாம். 1854ஆம் ஆண்டுச் சட்டப்படி, 8 ஆண்டுக்குக் குறைவான தண்டனை பெற்றவர் அது முடிந்தபின் அதே அளவு காலம் கயானாவிலேயே தங்க வேண்டும். 8 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆயுள் முழுவதும். இந்த இரண்டாம் தண்டனைதான் கொடியது என்பேன். உள்ளே ரொட்டியாவது கிடைத்தது. வெளியே வந்தவனுக்கு வேலை தர ஆளில்லை. கைதியின் உழைப்பு அவனுடையதைவிட மலிவு. நீலச் சிறகுள்ள மார்ஃபோ பட்டாம்பூச்சிகளைப் பிடித்து விற்று வயிறு கழுவியவர்களும் உண்டு. எதிர்க்கரையில் அன்றைய டச்சுக் காலனி சுரினாம், கண்ணுக்கு எட்டும் தூரத்தில். 1938இல் கைதிகளை அனுப்புவது சட்டப்படி நின்றது. கடைசிக் கைதிகள் பிரான்சு திரும்பியது 1953இல்.