கிணற்றடி – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் வசம் இருந்த எங்கள் காணி 2018இல் விடுவிக்கப்பட்டது. மனைவியின் சீதனக் காணி. போய்ப் பார்த்தபோது வீடு இல்லை; அத்திவாரமும் கிணறும் பற்றைக்காடும்தான் இருந்தன. ஓய்வுபெற்ற பிறகு தினமும் விடியற்காலையில் அங்கே போகிறேன். பதினொரு மரங்கள் வைத்திருக்கிறேன். அவற்றின் நடுவே நிற்கும்போது கோயிலில்கூடக் கிடைக்காத ஓர் அமைதி கிடைக்கிறது. மரங்களோடு வாய்விட்டுக் கதைக்கிறேன். இதைச் சூழல் ஆன்மிகம் என்கிறார்கள் என்று பின்னர் படித்து அறிந்தேன். ஆனால் வாடகை வீட்டுக்குத் திரும்பினால் மனைவியோடு கதைக்க ஒன்றுமில்லை. ‘மரத்தோடு கதைப்பதில் பாதியாவது என்னோடு கதைக்கலாம்’ என்று சொல்கிறார். இயற்கையை நெருங்க நெருங்க மனிதரை விட்டு விலகுகிறேனா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மிகவும் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தையும் மூன்று தடவை படித்தேன். எந்தப் பலா எந்த மழைக்குத் துளிர்த்தது, எந்த மாவில் எறும்பு ஏறியது என்று ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே எழுதியிருக்கிறீர்கள். மனைவியைப் பற்றி இருப்பவை இரண்டே செய்திகள். காணி அவருடைய சீதனம், அவர் குறைப்படுகிறார். இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பதை நீங்கள் எழுதவில்லை. அது அவர் ஓடி விளையாடிய வளவு. 1990இல் போரால் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அங்கிருந்து வெளியேறியவர் அவர். அவர் இழந்த இடத்தில்தான் உங்களுக்கு அமைதி கிடைத்திருக்கிறது. இதை நீங்கள் கவனித்தீர்களா?

அந்த அமைதி பொய் என்று நான் சொல்லவில்லை. மரத்தோடு கதைப்பவர்களை நான் நம்புகிறேன். நற்றிணையின் 172ஆம் பாட்டில், புன்னை மரத்தின் கீழ் தலைவனோடு சிரித்துப் பேச ஒரு பெண்ணுக்கு வெட்கமாக இருக்கிறது. தோழிகளோடு விளையாடும்போது மணலில் அழுத்தி மறந்துபோன விதை அது. முளைத்ததைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்தார்கள். உங்களைவிடச் சிறந்தவள், இவள் உங்கள் தங்கை என்று தாய் சொல்லியிருக்கிறாள். இந்தப் பாட்டை மரத்தின் மீதுள்ள அன்புக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்த மரம் அவளுக்குத் தங்கையானது தனிமையில் அல்ல. தோழிகளின் விளையாட்டும் தாயின் வாய்ச்சொல்லும் சேர்ந்துதான் அந்த உறவை உண்டாக்கின. தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதால் காதலர்கள் நிழலுக்கு வேறு மரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. மரத்துடனான உறவு அங்கே மனித உறவுக்குள் வந்து நிற்கிறது, அதைத் திருத்துகிறது.

உங்கள் மரங்கள் உங்களிடம் எதையும் கேட்பதில்லை. அதனால் அவற்றை நேசிப்பது எளிது. வீட்டில் இருப்பவர் கேட்கிறார்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனபோது, நீரிறைக்கும் இயந்திரத்தைச் சாக்கால் மூடிவைத்துவிட்டு கிணற்றில் நீர் இறைக்கும் நீண்ட மரமான பழைய துலாவை அப்பா மறுபடி ஏற்றினார். அவர் துலாவில் முன்னும் பின்னும் நடப்பார். கீழே அம்மா நீர் அள்ளும் பட்டையை இறக்கி, நிறைந்து வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். வெங்காயப் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவது என் வேலை. இருவரும் ஒருவரோடொருவர் அன்பாக நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அரை மணி நேரம் போனதும் அம்மா ‘காணும்’, அதாவது போதும், என்பார். அப்பா உடனே இறங்கிவிடுவார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அம்மாவிடம் கேட்டேன். சில நாள் தண்ணீர் கலங்கிவிடுமாம். சில நாள் அப்பாவின் காலடி தாமதித்து விழுமாம். கிணறு களைத்ததையும் மனிதர் களைத்ததையும் அவர் ஒரே காதால் கேட்டிருக்கிறார். நீங்கள் சூழல் ஆன்மிகம் என்று எழுதிய இடத்தில் எனக்கு அம்மாவின் அந்தக் காதுதான் நினைவுக்கு வந்தது.

நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரின் மீது மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது இறங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. அந்த 1 மீற்றரை இறைத்து முடித்தால் அடியிலிருந்து உப்பு அத்தனை ஆழத்தையும் ஏறி வரும். துலாவில் இறைத்த காலத்தில் மனிதர் களைத்து நிறுத்தினார்; கிணறு ஊறிக்கொண்டது. இயந்திரம் களைப்பதில்லை. அதன் சத்தத்தில் கிணற்றடியில் நிற்பவரின் குரலும் கேட்காது. தடை நீங்கி இயந்திரம் திரும்பி வந்த பிறகு அம்மா ‘காணும்’ என்று சொல்லி நான் கேட்கவில்லை. அந்தச் சொல் எங்கள் தோட்டத்திலிருந்து போனதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

கீரிமலை உங்கள் காணியிலிருந்து அதிக தூரமில்லை. கடலை ஒட்டிய அந்தக் கேணியில் ஊறும் நன்னீரில் ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் நீராடி, பிதிர்க்கடன் செய்கிறார்கள். அங்கே நீரில் இறங்குகிற ஒவ்வொருவரும் ஒரு மனிதரை நினைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். உங்கள் மனைவியின் தகப்பனார் தோண்டிய கிணறா அது? பாட்டனாரா? உங்கள் நீண்ட கடிதத்தில் அதற்கு விடை இல்லை. உங்களுக்கே தெரியாதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் விலகுகிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், விலகித்தான் இருக்கிறீர்கள். ஆனால் காரணம் மரங்கள் அல்ல. விடியற்காலையில் போவதை நிறுத்த வேண்டாம். ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். வற்புறுத்தாமல் அதைக் கேளுங்கள். வந்தால் அத்திவாரத்தில் உட்காரவைத்து, குசினி எந்தப் பக்கம் இருந்தது, துலாவைத் தாங்கிய ஆடுகால் எங்கே நின்றது, கிணற்றடியில் யார் குளிக்க வார்த்தார்கள் என்று விசாரியுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் பதினொரு மரங்களில் ஒன்றைப் பற்றியும் பேச்செடுக்காதீர்கள்.

அன்புடன்.