பசிபிக் தீவுகளின் சூரைக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பசிபிக் தீவு நாடுகள் மீன்பிடி உரிமையை டன் கணக்கில் விற்காமல் நாள் கணக்கில் விற்பது ஏன்?

எத்தனை டன் பிடித்தோம் என்பதைக் கப்பல்காரர்தான் எழுதித் தருவார். எத்தனை நாள் நம் கடலில் நின்றார் என்பதைச் செயற்கைக்கோளே சொல்லிவிடும். கடற்படை என்று ஒன்று இல்லாத நாட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

1982இல் மைக்ரோனீசியா, கிரிபட்டி, மார்ஷல் தீவுகள், நவுரு, பலாவு, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் ஆகிய ஏழும் நவுரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. துவாலு பிறகு சேர்ந்தது. சுருக்குமடிக் கப்பல்களுக்கான நாள் திட்டம் 2007 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. டோக்கலாவும் இதில் பங்கேற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 45,000 நாள்கள். அதைத் தங்களுக்குள் பங்கிட்டு விற்கிறார்கள். 50 மீட்டருக்குக் குறைவான கப்பலுக்கு ஒரு நாள் அரை நாளாகவும், 80 மீட்டரைத் தாண்டினால் ஒன்றரை நாளாகவும் கழியும்.

பலம் இருப்பது அடிவிலையில். 2012இல் ஒரு நாளுக்கு 5,000 அமெரிக்க டாலர், 2015இல் 8,000. முன்பு கப்பல்காரர்கள் ஒரு நாட்டின் விலையைக் காட்டி அடுத்த நாட்டிடம் பேரம் பேசினார்கள். இப்போது அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஒரே ஒரு நாடு அவசரத்துக்குக் குறைத்து விற்றாலும் பழைய கதை திரும்பிவிடும்.

நாள் கணக்கில் ஏமாற்ற முடியாதா?

முடியும். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே அந்நாட்டுக் கடலில் இருந்தாலே அது மீன்பிடி நாள்தான். ‘இன்று வலை போடவில்லை’ என்று காரணம் காட்டினால் அந்த நாளைக் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என்பது விதிவிலக்கு. சண்டை எல்லாம் இந்த விதிவிலக்கில்தான்.

கப்பலின் தடத்தைப் பார்த்தால் பொய் தெரியும். வெறுமனே கடந்து போகும் கப்பல் நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போகும். மீன் கூடுவதற்காகக் கடலில் விடப்படும் மிதவையைச் சுற்றி வலை போடுகிற கப்பல் விடியலுக்கு முன்பே ஓரிடத்தில் ஒரு வட்டமடித்து, பிறகு வலையை இழுத்து முடிக்கும்வரை ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். அந்தத் தடத்தை, கப்பலில் இருக்கும் கண்காணிப்பாளரின் குறிப்பேட்டோடும் கப்பல் பதிவேட்டோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் பொருந்தாவிட்டால் அந்த நாளைக் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இன்றைய மிதவைகளில் ஒலியலைக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். அடியில் எவ்வளவு மீன் கூடியிருக்கிறது என்று கப்பலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நாள் எண்ணிக்கை அப்படியே இருக்க, ஒரு நாளில் பிடிபடும் மீன் கூடிக்கொண்டே போகிறது. மொத்த நாள்களைக் குறைக்காமல் இதற்குத் தீர்வில்லை.

மிதவைக்குத் தடை எதற்கு?

கப்பல்கள் தேடிவரும் வரிச்சூரையோடு, இன்னொரு சூரை வகையான பெருங்கண் சூரையின் குஞ்சுகளும் மிதவையடியில் கூடும். வலைக்கு இரண்டும் ஒன்றுதான். 2024 முதல் இந்தத் தடை ஆண்டுதோறும் ஜூலை 1இலிருந்து ஆகஸ்ட் 15 வரை. அதற்கு முன் மூன்று மாதம். சுருக்கியது சரியா என்பதைப் பெருங்கண் சூரையின் இருப்புக் கணக்கை வைத்துத்தான் மறுபடி முடிவு செய்ய வேண்டும்.

எல் நினோ ஆண்டில் மீன் இடம்பெயர்ந்தால் யாருக்கு நஷ்டம்?

வெதுவெதுப்பான நீர் கிழக்கே நகரும்போது வரிச்சூரையும் கிரிபட்டி பக்கம் போகும். லா நினாவில் மேற்கே, பப்புவா நியூ கினி பக்கம் திரும்பும். மீன் வந்த நாட்டிடம் நாள்கள் தீர்ந்துபோகும், மீன் போன நாட்டிடம் நாள்கள் தேங்கும். அதனால் நாடுகள் நாள்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளத் திட்டம் இடம் தருகிறது. ஆண்டு முடியும்வரை காத்திருந்தால் தேங்கிய நாள்கள் அடிமாட்டு விலைக்குப் போகும். பேச்சை முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

கரையிலிருந்து 200 கடல் மைல் என்ற மீன்பிடி எல்லைக்கு வெளியே இவர்களுக்கு அதிகாரம் இல்லையே?

இல்லை. ஆனால் உரிமம் இவர்கள் கையில். மேற்கே நாடுகளின் எல்லைகளுக்கு நடுவே சிக்கிய இரண்டு பன்னாட்டுக் கடல் துண்டுகளில் வலை போட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் உரிமம் என 2008இல் நிபந்தனை எழுதினார்கள். எல்லாக் கப்பலிலும் கண்காணிப்பாளர், பிடித்த சூரையைக் கடலில் கொட்டாமல் கரை சேர்ப்பது என்பவையும் அதே நிபந்தனைகளில் உண்டு. மீன் பெரும்பாலும் இவர்கள் கடலில்தான் என்பதால், உரிமம் இழக்கத் துணிய கப்பல்காரர் யோசிப்பார்.

விதி மீறிய கப்பலைப் பிடிக்க ரோந்துக் கப்பல் எங்கே?

ஒரு நாட்டிடம் போதுமான அளவு இல்லை, சேர்ந்தால் உண்டு. 1992இன் நியூவே ஒப்பந்தப்படி ஒரு நாட்டின் ரோந்துக் கப்பல், சம்மதத்தோடு, அடுத்த நாட்டின் கடலிலும் வேலை செய்யலாம். சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவில் உள்ள, பசிபிக் நாடுகளின் கூட்டு மீன்வள முகமையின் மையம் தடங்களை ஒரே இடத்தில் பார்க்கிறது.

கடல்மட்டம் உயர்ந்து தீவு சுருங்கினால் கடல் எல்லையும் சுருங்குமா?

சுருங்காது என்று பசிபிக் தீவுகள் மன்றத் தலைவர்கள் 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். எல்லைகளைப் புதுப்பிக்கும் கட்டாயம் நாடுகளுக்கு இல்லை என்று பன்னாட்டு நீதிமன்றமும் 2025 ஜூலையில் கருத்துரைத்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு கிடைக்க, கடல் எல்லையை எங்கிருந்து அளக்கிறோமோ அந்தக் கரையோர அடிக்கோட்டின் புள்ளிகளை அளந்து, சட்டத்தில் எழுதி, ஐ.நா. பொதுச்செயலரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அடுத்த நாட்டோடு எல்லை பேசி முடிக்காத இடங்களில்தான் பெரும்பாலும் இந்த வேலை நின்றுபோகிறது. ஆகவே அந்தப் பேச்சுதான் முதலில் முடிய வேண்டும்.