லாஸ் வேகாஸ் அறை வாடகை: எந்தத் தொகையை ஒப்பிடுவது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் பணிபுரிகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருடன் லாஸ் வேகாஸில் மூன்று இரவுகள் தங்க எண்ணுகிறேன். பெரிய சூதாட்ட விடுதிகள் வரிசையாக உள்ள ஸ்ட்ரிப் சாலையில் ஒரு விடுதியின் வாடகை இரவுக்கு 50 டாலர், அதற்கு மேல் கட்டாயமாக வசூலிக்கும் ரிசார்ட் கட்டணம் 45 டாலர். பழைய நகர மையமான ஃப்ரீமான்ட் தெருவில் ரிசார்ட் கட்டணமில்லாத அறை 80 டாலர். இதற்கிடையே, 90 நிமிட விளக்கக் கூட்டத்துக்கு வந்தால் தங்குமிடம் இலவசம் என்கிறது ஒரு டைம்ஷேர் நிறுவனம் (விடுமுறைத் தங்குமிடத்தை ஆண்டுதோறும் சில நாட்கள் பயன்படுத்தும் உரிமையை விற்பது). எதை ஏற்பது?

பதில்: வாடகையை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டாம். அங்கே அறை வரி 13 சதவீத அளவில் இருப்பதோடு, அது ரிசார்ட் கட்டணத்தின் மீதும் விதிக்கப்படுவதால், 50 டாலர் அறைக்கு இரவொன்றுக்கு ஏறத்தாழ 107 டாலரும், 80 டாலர் அறைக்கு ஏறத்தாழ 90 டாலரும் கொடுப்பீர்கள். கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்னும் கூட்டாட்சி விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனாலும் வரியைத் தனியே காட்ட அவ்விதி இடம் தருகிறது என்பதால், பணம் செலுத்தும் பக்கம் வரை சென்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். காரில் செல்வதானால் பார்க்கிங் கட்டணத்தையும் இரு விடுதிகளிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதிகளை மாற்ற முடிந்தால் இதைவிடப் பெரிய தொகை மிஞ்சும். வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்து ஞாயிறு முதல் புதன் வரை தங்குவதே பொதுவாக மலிவு. ஜனவரியில் சி.இ.எஸ். என்னும் மின்னணுப் பொருள் கண்காட்சியும் நவம்பரில் ஃபார்முலா 1 பந்தயமும் நடைபெறும் நாட்களில் வாடகை வெகுவாக உயரக்கூடும். கோடையில் விலை இறங்குவது உண்மைதான். ஆனால் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் பெரியவர்களை நடக்க வைத்து மிச்சம் பிடிக்கும் அந்தப் பணத்தை நான் சேமிப்பாகக் கருத மாட்டேன்.

டைம்ஷேர் அழைப்பை மறுத்துவிடுங்கள். வாங்கினால் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் தொடரும், அது உயரவும் செய்யும். விற்க முயன்றால் போட்ட பணத்தில் சிறு பகுதி திரும்புவதே அரிது. தவறிக் கையெழுத்திட்டுவிட்டால், நெவாடா சட்டப்படி ஒப்பந்த நாளுக்கு அடுத்த ஐந்தாம் நாள் நள்ளிரவுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

அறை எடுக்கும்போது கிரெடிட் கார்டையே கொடுங்கள். விடுதிகள் இதரச் செலவுகளுக்காக உங்கள் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து நிறுத்திவைக்கும். டெபிட் கார்டு என்றால், பயணச் செலவுக்கு வைத்திருக்கும் உங்கள் கணக்குப் பணமே அத்தொகை விடுவிக்கப்படும் வரை முடங்கிக் கிடக்கும்.