சந்தோசக் காசு எவ்வளவு, யாருக்கு?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் தாய் தகப்பனை ரைன், டான்யூப் ஆற்றுக் கப்பல்களில் கூட்டிக்கொண்டு போவது இப்போது அடிக்கடி கேள்விப்படுகிற விடயம். அதைப் பற்றி வந்த கடிதங்களில் காசு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

மகள் ஜேர்மனியில், ஸ்ருட்கார்ட்டில் இருக்கிறாள். எனக்கும் மனைவிக்கும் பாசலில் இருந்து அம்ஸ்ரடாம் வரை ஏழு இரவு ரைன் கப்பல் பதிந்திருக்கிறாள். "ரிப்ஸ் மட்டும் நீங்கள் பாருங்கோ அப்பா" என்கிறாள். யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுப்பது? அறை துப்புரவாக்குபவருக்கு நாள்தோறும் மேசையில் வைக்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

காசை எண்ணுவதற்கு முன் மகளிடம் பதிவுப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள், ஐயா. கட்டணத்தில் எவை அடக்கம், எவை அடங்காது என்று அதில் இரண்டு பட்டியல் இருக்கும். சந்தோசக் காசு, அதாவது ரிப்ஸ், அடக்கம் என்றிருந்தால் கப்பலுக்குள் நீங்கள் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ஸீனிக், டோக், யூனிவேர்ல்ட் போன்ற விலை கூடிய நிறுவனங்கள் இதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. வேறு சில நிறுவனங்களில் பதியும்போதே முற்பணமாகக் கட்டிவிடலாம். மகள் அப்படிக் கட்டிவிட்டு மறந்துபோக, கடைசி இரவில் தகப்பன் கப்பலில் தரும் உறையில் மறுபடியும் காசு போடுவது முதல் பயணத்தில் அடிக்கடி நடக்கிற வீண்செலவு.

அடக்கம் இல்லாவிட்டால், ஆங்கிலம் பேசும் பயணிகளுக்கான கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 யூரோ வரை பணியாளர்களுக்கென்று பரிந்துரைப்பார்கள். பயண முகாமையாளருக்கு, அதாவது நாள்தோறும் மாலையில் மறுநாள் நிகழ்ச்சிகளை விளக்குகிறவருக்கு, தனியாக 2 முதல் 5 யூரோ. ஜேர்மன் பயணிகளுக்கென்று விற்கப்படும் கப்பல்களில் தொகை இதைவிடக் குறைவாகவே இருக்கும். மகள் ஜேர்மனியில் பதிந்திருப்பதால் உங்களுடையது அப்படிப்பட்டதாக இருக்கக்கூடும். இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதும் கணக்கைப் பார்த்துப் பயப்படாமல், அந்தக் கப்பல் நிறுவனம் தன் கையேட்டில் சொல்லும் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். பணியாளருக்கு 12 யூரோ, முகாமையாளருக்கு 3 யூரோ என்று வையுங்கள். இரண்டு பேருக்கு ஏழு இரவு: 2 x 7 x 12 = 168; 2 x 7 x 3 = 42. மொத்தம் 210 யூரோ. ஏழு இரவுப் பயணத்தை விளம்பரத்தில் "எட்டு நாள்" என்று போடுவார்கள். நாளுக்கா இரவுக்கா என்று கேட்காமல் எட்டால் பெருக்கினால் 240 ஆகிவிடும். ரூபாவுக்கு மாற்றிப் பார்த்தால் 210 யூரோவே எழுபதாயிரத்தைத் தாண்டி நெஞ்சைத் திக்கென்று ஆக்கும். ஆனபடியால் இதைக் கடைசி நாட் செலவாக வைக்காமல் பயணச் செலவுக் கணக்கிலேயே முதலில் எழுதிவிடுங்கள்.

அறைப் பணியாளருக்கு நாள்தோறும் வைப்பது தேவையற்றது. பணியாளர் உறைக்குள் போடும் காசு பொதுவில் சேர்ந்து அறை, சாப்பாட்டு மண்டபம், சமையல், கோப்பை கழுவுமிடம், மேல்தளம் எல்லாருக்கும் பிரியும். முகம் தெரியாமல் கீழே நின்று வேலை செய்கிறவருக்கும் பங்கு போவது இந்த முறையில்தான். நாளுக்கு ஐந்து யூரோ தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு உறையில் குறைத்துப் போட்டால் நட்டப்படுவது அவர்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்கள் மரக்கறிக்காரர் என்று ஒவ்வொரு நேரமும் தனியாக ஏதாவது செய்வித்துத் தந்த சாப்பாட்டு மண்டபப் பொறுப்பாளருக்குக் கடைசி நாள் 10 அல்லது 20 யூரோ கையில் கொடுப்பது அழகு. அதுவும் உறைக்கு மேலதிகமாக; உறைக்குப் பதிலாக அல்ல.

நேரம்: கடைசி இரவுக்கு முன் அறைக்குள் உறை வைப்பார்கள், வரவேற்பு மேசையில் பெட்டி இருக்கும். கடைசி மாலையே போட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் பெட்டிகளை வாசலில் வைத்து, அறையை விட்டு இறங்கி, பஸ் தேடுகிற அவசரத்தில் உறை சட்டைப் பையிலேயே ஊருக்கு வந்துவிடும். காசாகக் கொடுக்காமல் அறைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அட்டையாலும் கட்டலாம். சில கப்பல்களில் கேட்காமலே சேர்த்துவிடுவார்கள். கையெழுத்து வைக்கமுன் கணக்குத் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உறை வேண்டாம்.

பருத்தித்துறையில் இருந்து போகும்போது டொலர் கொண்டுபோவதா, யூரோவா? தம்பி முன்பு தந்த 500 யூரோத் தாள் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதைக் கொண்டுபோகலாமா?
– பருத்தித்துறை வாசகி

யூரோதான். டொலரைக் கொண்டுபோனால் இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை என்று இரண்டு தடவை மாற்றுக் கூலி போகும். கப்பலில் எல்லாக் கணக்கும் யூரோவில்.

500 யூரோத் தாள் செல்லுபடியாகும். ஆனால் அதை அச்சிட்டு வெளியிடுவதை 2019 உடன் நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் வாங்க மாட்டார், பஸ் சாரதி சிரிப்பார். பிள்ளை மூலம் அங்கேயுள்ள வங்கியில் உடைப்பதுதான் வழி. 200, 100 யூரோத் தாள்களுக்கும் சின்னக் கடைகளில் இதே கதிதான்.

யாழ்ப்பாணத்தில் வங்கியில் அல்லது மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் உள்ள நாணய மாற்று நிலையத்தில் வாங்குங்கள். கடவுச்சீட்டு, விசா, ரிக்கெற் பிரதி மூன்றையும் கொண்டுபோங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் 50, 100 தாள்கள்தான். உங்களுக்கு வேண்டியதோ 5, 10 தாள்களும் 1, 2 யூரோக் குற்றிகளும். அங்கே இறங்கிய அன்றே பிள்ளையுடன் சுப்பர் மார்க்கெற்றுக்குப் போய் 50 யூரோத் தாளைக் கொடுத்துச் சின்னச் சாமான் வாங்குங்கள். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்தால் ஒரு கிழமைக்குப் போதுமான சில்லறை சேர்ந்துவிடும். ஜேர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு என்பதை மறக்க வேண்டாம்.

இலங்கை ரூபாத் தாளையோ சுவிஸ் பிராங் குற்றியையோ சந்தோசம் என்று யாருக்கும் கொடுக்காதீர்கள். கப்பலில் வேலை செய்கிறவர்களில் பலர் ருமேனியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று தூரத்தில் இருந்து வந்தவர்கள். வேற்று நாட்டுக் குற்றியை எந்த வங்கியும் அவர்களுக்கு மாற்றிக் கொடுக்காது.

ஊர் பார்க்கக் கூட்டிப்போகும் வழிகாட்டிக்கும் பஸ் சாரதிக்கும் தனியாகக் கொடுக்க வேண்டுமா?
– சண்டிலிப்பாய்

ஆம். இவர்கள் கப்பல் ஆட்கள் இல்லை. அந்தந்த ஊரில் வந்து சேர்பவர்கள். அரைநாள் சுற்றுக்கு வழிகாட்டிக்கு ஒருவர் 2 யூரோ, சாரதிக்கு 1 யூரோ போதும். இறங்கும்போது கையில் கொடுத்தால் சரி. உங்கள் பயணத்தில் கரையில் கொடுக்கும் சந்தோசக் காசும் அடக்கம் என்றிருந்தால் இதுவும் இல்லை.

குற்றிகள் வேறு ஒன்றுக்கும் தேவை. பொதுக் கழிப்பறைக்கு ஐம்பது சதம் முதல் ஒரு யூரோ வரை கேட்பார்கள். கப்பலை விட்டு இறங்கமுன் போய்விட்டு இறங்குவது இலவசம்.

வங்கி அட்டை கொண்டுபோனால் காசே தேவையில்லை என்று மருமகன் சொல்கிறார். சரியா?
– காரைநகர்

பாதி சரி. நெதர்லாந்தில் காசு வாங்காத கடைகளே உண்டு. ஜேர்மனியில் அதற்கு நேர்மாறாக, காசு மட்டும் வாங்கும் பேக்கரிகள் இன்னும் இருக்கின்றன.

புறப்படமுன் வங்கிக்குப் போய் நான்கு விடயம் முடியுங்கள். ஒன்று, வெளிநாட்டுப் பாவனைக்கு அட்டையைத் திறக்கச் சொல்லுங்கள். பல அட்டைகள் பூட்டியே இருக்கும். இரண்டு, இரகசிய இலக்கம். இங்கே கையெழுத்தோடு முடிகிற கடனட்டைக்கு அங்கே ரிக்கெற் இயந்திரம் நான்கு இலக்கம் கேட்கும். தெரியாவிட்டால் அட்டை வெறும் பிளாஸ்ரிக் துண்டு. மூன்று, வெளிநாட்டுச் செலவுக்கு வங்கிக் கூலி, அரச வரி எல்லாமாக எத்தனை வீதம் என்று கேட்டு எழுதி வையுங்கள். நான்கு, இணையத்தில் கட்டும்போது வரும் ஒருமுறைக் குறியீடு உங்கள் இலங்கைத் தொலைபேசி இலக்கத்துக்குத்தான் வரும். அந்தச் சிம்மில் ரோமிங் வேலை செய்யாவிட்டால் கட்டணம் போகாது.

இனித்தான் பெரிய பொறி. அட்டையை இயந்திரத்தில் வைத்ததும், "இலங்கை ரூபாவிலா, யூரோவிலா?" என்று கேட்கும். ரூபாவில் தொகையைக் கண்டதும் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருக்கும், அதை அழுத்தாதீர்கள். யூரோவை அழுத்துங்கள். ரூபாவைத் தெரிவுசெய்தால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி தீர்மானிக்காது. அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் இலாபத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கும். ஏ.ரி.எம். இலும் இதே கேள்வி வரும். "மாற்றாமல் தொடரவும்" என்ற தெரிவை எடுங்கள். வங்கிக் கட்டடத்தில் பதித்திருக்கும் ஏ.ரி.எம். நல்லது. சுற்றுலாத் தெருவில் கடைகளுக்கு நடுவே தனியாக நிற்பவற்றில் கூலி கூட.

கப்பலில் ஏறியதும் அட்டையைப் பதியச் சொன்னால் கடனட்டையைக் கொடுங்கள். டெபிட் அட்டையைக் கொடுத்தால் உங்கள் சேமிப்பில் இருந்து ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். செலவழிக்காவிட்டாலும் அது திரும்ப விடுபட நாட்கள் எடுக்கும்.

டான்யூப்பில் வியன்னா, பிராற்றிஸ்லாவா, புடாபெஸ்ற் போய், பிறகு பிராக்கில் இரண்டு இரவு நிற்கிறோம். நாட்டுக்கு நாடு காசு மாற்ற வேண்டுமா? கடையில் சாப்பிட்டால் ரிப்ஸ் எப்படி?
– சாவகச்சேரி

ஒஸ்ரியாவிலும் சிலோவாக்கியாவிலும் யூரோ. ஹங்கேரியில் போரிந்த், செக்கில் கொருனா. ஒரு யூரோவுக்குச் சுமார் 25 கொருனா, 350 முதல் 400 வரை போரிந்த் என்று மனதில் வையுங்கள். ஒரு நாளைக்கு இறங்கும் ஊருக்காகப் போரிந்த் வாங்க வேண்டியதில்லை, அட்டை போதும். சந்தைக்குள் யூரோ வாங்கும் கடைகளும் உண்டு, ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். மீதியும் போரிந்த்தில் வரும்.

பிராக்கில் தெருவில் நின்று "நல்ல விலை தருகிறேன்" என்பவரிடம் மாற்றவே வேண்டாம். செல்லாத வேற்று நாட்டுத் தாளைக் கையில் திணித்துவிட்டு மறைந்துவிடுவார்கள். நாணய மாற்றுக் கடையில் மாற்றி ஏமாந்ததாக உணர்ந்தால், பற்றுச்சீட்டுடன் மூன்று மணித்தியாலத்துக்குள் திரும்பிப் போய் மாற்றத்தை இரத்துச் செய்யக் கேட்கலாம். 1000 யூரோப் பெறுமதி வரையான மாற்றத்துக்கு 2019 முதல் செக் நாட்டில் அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

சாப்பாட்டுக் கடையில்: ஹங்கேரியில் பில்லில் 10 முதல் 15 வீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே ஏறியிருக்கும். அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இருந்தால் மேலே கொடுக்க வேண்டாம். ஜேர்மனி, ஒஸ்ரியாவில் 5 முதல் 10 வீதம், அல்லது தொகையை முழுதாக்கினால் போதும். மேசையில் விட்டுவிட்டு எழும்புவது வழக்கமில்லை. பில் 27 யூரோ என்றால் 30 யூரோவைக் கொடுத்து "முப்பது" என்று சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, எங்கள் ஆட்களுக்கு விசேஷமாக. காசை நீட்டும்போதே "நன்றி" சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. ஜேர்மன் பேசும் நாடுகளிலும் ஹங்கேரியிலும் தாளை நீட்டும்போது "டங்க", "கொஸ்ஸொனொம்" என்றால், மீதி வேண்டாம் என்று பொருள். 27 யூரோவுக்கு 50 யூரோத் தாளை நீட்டி நன்றி சொன்னால் 23 யூரோ போய்விடும். மீதி கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்கள்.

காசுக்குப் பதிலாகப் பனங்கட்டிக் குட்டான், கைவேலைப் பொருள் ஏதாவது கொடுத்தால் மரியாதையாக இருக்காதா?
– கரவெட்டி

அன்பைக் காட்ட நல்லது. சந்தோசக் காசுக்கு ஈடாகாது. சின்னதாக ஒரு பனையோலைப் பெட்டியை உறையோடு சேர்த்துக் கொடுங்கள். உணவுப் பொருள் என்றால் கவனம்: இறைச்சியையும் பால் பொருட்களையும் பயணப் பெட்டியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. நெய்ப் பலகாரத்தை வீட்டில் விட்டுவிடுங்கள். மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் முடியாது.

ஜேர்மனியில் வாங்கும் சாமானுக்கு வரி திரும்பக் கிடைக்குமாமே?
– நல்லூர்

இலங்கையில் வசிக்கும் உங்களுக்குக் கிடைக்கும்; அங்கே வசிக்கும் மகனுக்குக் கிடைக்காது. எனவே உங்கள் கடவுச்சீட்டைக் காட்டி உங்கள் பெயரில் படிவம் எடுக்க வேண்டும். ஜேர்மனியில் ஒரு பில் 50 யூரோவைத் தாண்ட வேண்டும், ஒஸ்ரியாவில் 75. சாமானைப் பாவிக்காமல், பில்லோடு, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் பெட்டியை விமானத்தில் ஒப்படைக்கமுன் காட்ட வேண்டும்.

கப்பல் சுவிஸில் உள்ள பாசலில் முடிந்து சூரிச்சில் விமானம் ஏறுபவர்கள் இதில் வழுக்கி விழுகிறார்கள். சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. சூரிச் விமான நிலையத்தில் ஜேர்மன் படிவத்துக்கு முத்திரை விழாது. ஜேர்மன் எல்லையில் உள்ள சுங்க நிலையத்திலேயே முடித்திருக்க வேண்டும்.

பாசலில் ஒரு இரவு ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன இலாபமும் உண்டு. அறை எடுக்கும்போது பாசல் காட் என்ற அட்டை தருவார்கள். அதைக் காட்டி ட்ராமிலும் பஸ்ஸிலும் இலவசமாகப் போகலாம். பிராங் மாற்றாமலே ஒரு நாள் ஓடிவிடும்.

ரைனில் தண்ணீர் குறைந்தால் கப்பல் ஓடாது, பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்கிறார்கள். அப்போதும் முழு ரிப்ஸ் கொடுக்க வேண்டுமா?
– கோண்டாவில்

உண்மைதான். 2018 ஐப்பசியில் ரைனில் கௌப் என்ற இடத்தில் நீர்மட்ட அளவுகோல் 25 சென்ரிமீற்றருக்கு இறங்கியது. அந்த இடம் ஆழமில்லாத பாறைப் பகுதி. கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் இப்படி நடக்கலாம். ஆழமில்லாத பகுதிக்கு அப்பால் நிற்கும் இன்னொரு கப்பலுக்குப் பெட்டிகளைச் சுமந்து மாற்றுவதும், ஓடாத கப்பலிலும் மூன்று நேரம் சமைப்பதும் அதே பணியாளர்தான். உறையைக் குறைக்காதீர்கள். பாதியில் கப்பல் மாறினால், வரவேற்பு மேசையில் கேட்டு, எத்தனை இரவுக்கு எந்தக் கப்பல் என்று பிரித்து இரண்டு உறை வையுங்கள். பயணம் குறைந்ததற்கான நட்டஈட்டை மகன் பதிந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்; தவறிய இடங்களின் பெயரும் திகதியும் அன்றன்றே குறித்து வைத்தால் அந்தக் கடிதம் எழுதுவது இலகு.