சான்றிதழ்கள் எரிந்துவிட்டன, இனி எப்படிப் படிப்பேன்?

கேள்வி: எனக்கு 22 வயது. போர் தொடங்கியபோது சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். ஐந்து செமஸ்டர் முடித்திருந்தேன். குண்டுவீச்சில் கல்லூரி அலுவலகமே எரிந்துவிட்டது. அம்மா, தம்பியோடு பக்கத்து நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. அகதிகளாகப் பதிவு செய்திருக்கிறோம். கல்லூரி அடையாள அட்டையும், போனில் ஒரே ஒரு மதிப்பெண் பட்டியலின் போட்டோவும்தான் மிச்சம். வெளிநாட்டில் படிப்பை முடிக்க ஆசை. எல்லோரும் "முதல் வருடத்திலிருந்து திரும்பப் படி" என்கிறார்கள். ஒரு ஏஜென்ட், பணம் கொடுத்தால் அசல் போலவே பட்டியல் தயார் செய்து தருவதாகச் சொல்கிறார். நான் படித்தது உண்மைதானே, அதில் என்ன தப்பு என்று தோன்றுகிறது. வீட்டை விட்டுப் போவதை நினைத்தால் தூக்கமும் வருவதில்லை. என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த ஏஜென்ட். வாங்காதீர்கள். நீங்கள் படித்தது உண்மை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். போலிப் பட்டியல் ஒன்று கோப்பில் சேர்ந்துவிட்டால், ராத்திரி கண்விழித்துப் படித்த அந்த ஐந்து செமஸ்டரையும் யாரும் நம்ப மாட்டார்கள். பின்னால் எப்போது தெரியவந்தாலும் சேர்க்கை ரத்தாகலாம். விசா, அகதி வழக்கு வரை சிக்கல் போகும். ஒரே வழக்கில் பதிவாகியிருந்தால் அம்மாவையும் தம்பியையும்கூட அது தொடலாம். இன்னொன்றையும் யோசியுங்கள். நாளைக்கு உங்கள் கல்லூரி மீண்டும் திறந்து அசல் பட்டியல் கிடைத்து, மதிப்பெண் வேறாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

காகிதம் இல்லாதவர்களுக்கென்றே நேர்வழி இருக்கிறது. உயர்கல்வித் தகுதிகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்பது பற்றி 1997-இல் லிஸ்பனில் ஓர் ஒப்பந்தம் உருவானது. ஆவணத்தால் நிரூபிக்க முடியாவிட்டாலும் அகதிகளின் படிப்பை நியாயமாக மதிப்பிட வழிமுறை வேண்டும் என்கிறது அது. இதே நோக்கம் கொண்ட யுனெஸ்கோவின் உலகளாவிய ஒப்பந்தமும் 2023-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐரோப்பியக் கவுன்சில் 2017 முதல் 'அகதிகளுக்கான ஐரோப்பியத் தகுதிக் கடவுச்சீட்டு' என்ற ஒன்றைத் தருகிறது. கேள்வித்தாளை நிரப்பி, கையில் இருப்பதைக் காட்டினால், மதிப்பீட்டாளர்கள் நேர்காணல் நடத்தி உங்கள் படிப்பைப் பற்றி எழுதிக் கொடுப்பார்கள். ஐந்து வருடம் செல்லும். அது இடம் கிடைத்ததற்குச் சமம் இல்லை, சேர்க்கையைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகம்தான். ஆனாலும் வெறுங்கையோடு போய் நிற்பதற்கும் அதோடு போய் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எந்த நாட்டில் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். என்ன பாடங்கள் படித்தீர்கள், ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள், தேர்வு எப்படி நடந்தது. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது, இன்னும் ஒரு வருடம் போனால் பாதி மறந்துவிடும். அதனால் இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். செமஸ்டர் வாரியாக எழுதுங்கள். சர்வே வகுப்பில் எந்தக் கருவியை வைத்து எந்த இடத்தை அளந்தீர்கள், மண் இயக்கவியல் ஆய்வகத்தில் என்னென்ன சோதனை செய்தீர்கள், எந்தப் பாடநூல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தாளில் திணறினீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். படித்தவருக்குத்தான் இந்தச் சின்னச் சின்ன விவரங்கள் தெரியும். ஏஜென்டின் பட்டியலில் இவை இருக்காது.

கூடப் படித்தவர்கள் இப்போது எங்கெங்கோ இருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். யாரிடமாவது பழைய பட்டியல் இருந்தால் பாடங்களின் பெயரும் எண்ணும் அதில் கிடைக்கும். கல்லூரி இணையதளம் முடங்கியிருந்தாலும், இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய பக்கங்களும் பாடத்திட்டமும் பதிவாகியிருக்கலாம். உங்கள் மின்னஞ்சலில் கட்டண ரசீது, ஹால் டிக்கெட் ஏதாவது இருக்கிறதா தேடுங்கள். வெளியேறி வந்துவிட்ட ஆசிரியர் யாராவது இருந்தால் கையெழுத்திட்ட கடிதம் கேளுங்கள். எந்த ஆவணம் இல்லை, ஏன் இல்லை என்பதையும் ஒரு தாளில் மறைக்காமல் எழுதி இவற்றோடு சேர்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சான்றிதழ் கேட்டோ பாஸ்போர்ட் புதுப்பிக்கவோ உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போகும் முன் அகதிகள் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள். அது உங்கள் அகதி அந்தஸ்தைப் பாதிக்கக்கூடும்.

முதல் வருடத்திலிருந்து படிப்பது பற்றி. யாரோ சொன்னதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். 'என் முந்தைய படிப்பைத் தனியாக மதிப்பிடுங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். இன்ஜினியரிங்கில் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இழக்க நேரலாம். அதை ஏற்கலாம் என்பது என் கருத்து.

அப்புறம் பணம். ஜெர்மன் அரசு பெரும்பங்கு நிதி தர, ஐ.நா. அகதிகள் முகமை 1992 முதல் நடத்தும் டாஃபி உதவித்தொகை, அடைக்கலம் தந்த நாட்டிலேயே இளநிலைப் படிப்பு படிக்க உதவுகிறது. 'வெளிநாடு' என்று நீங்கள் சொல்லும்போது இன்னொரு நாடு மனதில் இருக்கிறது. இப்போது இருப்பதும் வெளிநாடுதானே, அங்கே வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கனடாவில் உலகப் பல்கலைக்கழகச் சேவை அமைப்பு 1978 முதல் அகதி மாணவர்களை நிரந்தரமாக வசிக்கும் உரிமையோடு வரவழைக்கிறது. அங்குள்ள மாணவர்களே கட்டணத்தோடு சிறு தொகை கொடுத்து இதைத் தாங்குகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் குறிப்பிட்ட சில நாடுகளில் தங்கியிருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். ஐ.நா. முகமையின் இணையதளத்தில் உதவித்தொகைகளைத் தேடும் பகுதி இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். விண்ணப்பிக்கவே பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். ஒன்றிரண்டு இடத்தில் 'இல்லை' என்று பதில் வந்தால் அது உங்கள் திறமைக்கான தீர்ப்பு என்று நினைக்காதீர்கள். அகதி இளைஞர்களில் உயர்கல்விக்குப் போனவர்கள் 2019-இல் சுமார் 3 சதவீதம்தான். 2030-க்குள் 15 சதவீதம் ஆக்க வேண்டும் என்பதே இப்போதைய இலக்கு.

இன்னொரு நாடுதான் என்று முடிவானால், 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 28-ஆம் பிரிவில் சொல்லப்படும், பாஸ்போர்ட்டுக்குப் பதிலான பயண ஆவணம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதில் 'திரும்பி வரலாம்' என்ற அனுமதி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். மாணவர் விசா முடியும் நாளில் எங்கேயும் போக முடியாமல் நிற்கும் நிலை வந்துவிடக் கூடாது. குடும்பத்தை எப்போது அழைக்கலாம் என்பதையும் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, உங்கள் தூக்கம். கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவை விட்டுப் போவது பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவருக்கு வருத்தம் வரும் என்று நீங்களே முடிவுசெய்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவராகச் சுமக்கிறீர்கள். நீங்கள் போனால் வீட்டுச் செலவை யார் பார்ப்பது, தம்பியின் பள்ளி என்னாகும், எத்தனை வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பேசிய பிறகு, இப்போதைக்கு இங்கேயே படிக்கலாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது தோல்வி இல்லை.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கினால் அந்த நோட்டுப் புத்தகத்தை அம்மாவிடம் காட்டுங்கள். நான்காவது செமஸ்டரில் காய்ச்சலோடு எழுதிய தேர்வு எது என்று உங்களுக்கு மறந்திருக்கலாம், அவருக்கு ஞாபகம் இருக்கும்.