செனான் மின்னும்போது: கரும்பொருள் தேடலில் ஒளியைப் படிப்பது பற்றிய கேள்வி பதில்

திரவச் செனானையும் திரவ ஆர்கானையும் கொண்டு கரும்பொருளை (ஒளியை உமிழாமல், ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும் பொருளை) தேடும் உணர்கருவிகள் ஒளியை எவ்வாறு அளக்கின்றன என்று கேட்டு உறுப்பினர்கள் அனுப்பிய வினாக்களுக்கு இங்கே விடையளித்துள்ளேன். ஒத்த வினாக்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒரு பொருள் தான் உமிழும் ஒளியைத் தானே உறிஞ்சும் என்றுதான் படித்திருக்கிறோம். டன் கணக்கான செனானுக்குள் பிறக்கும் ஒளி எப்படி வெளியே வருகிறது?

பதில்: அந்த விதி தனி அணு உமிழும் ஒளிக்குப் பொருந்தும். இங்கே ஒளியை உமிழ்வது தனி அணு அன்று. துகள் மோதிக் கிளர்ச்சியுற்ற செனான் அணு, பக்கத்திலுள்ள சாதாரண அணுவோடு ஒட்டிக்கொண்டு, சில நானோநொடிகளே நிலைக்கும் ஓர் இரட்டையாகிறது. அந்த இரட்டை பிரியும்போது சுமார் 175 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வெளிப்படுகிறது. தனித்து நிற்கும் செனான் அணுவைக் கிளர்ச்சியூட்ட அந்த ஒளியின் ஆற்றல் போதாது என்பதால், சுற்றியுள்ள திரவம் அதற்குக் கண்ணாடி போலவே இருக்கிறது. ஒளியை விழுங்குவது செனானில் மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் நீர்தான். கருவி இயங்கும் காலமெல்லாம் செனானைச் சுற்றவிட்டுத் தூய்மைப்படுத்திக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: ஒரே மோதலுக்கு இரண்டு ஒளித்துடிப்புகள் என்கிறார்களே, அவற்றை வைத்து என்ன அறிகிறார்கள்?

பதில்: அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் எல்.இசட் (லக்ஸ்-செப்லின்) என்ற கரும்பொருள் தேடும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் நடுக்கலத்தில் 7 டன் திரவச் செனான் இருக்கிறது. மேலும் கீழுமாக 494 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் (மங்கலான ஒளியையும் மின்துடிப்பாக மாற்றுபவை) அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மோதல் நிகழ்ந்த கணத்தில் எழும் முதல் துடிப்பு மிகச் சிறியது. சில ஃபோட்டான்களே (ஒளித்துகள்களே) பதிவாகும் அளவுக்கும் அது குறையலாம். திரவத்தின் ஒளிவிலகல் எண் அதிகம் என்பதால் மேற்பரப்பை அடையும் ஒளியில் பெரும்பகுதி முழு அக எதிரொளிப்பால் திரும்பி, கீழ்க் குழாய்களையே சென்றடைகிறது.

மோதலில் விடுபட்ட எலக்ட்ரான்களை மின்புலம் மேல்நோக்கி இழுக்கிறது. கலத்தின் அடியில் பிறந்த எலக்ட்ரான் மேலே வர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். திரவத்தைவிட்டு அதன் மேலுள்ள செனான் வாயுவுக்குள் பாயும் ஒவ்வோர் எலக்ட்ரானும் அங்கே பல ஃபோட்டான்களை எழுப்புவதால் இரண்டாம் துடிப்பு மிகப் பெரியதாகிறது. இரண்டு துடிப்புகளுக்கும் இடைப்பட்ட நேரம் ஆழத்தைச் சொல்கிறது. மேல்வரிசையில் எந்தக் குழாய்கள் அதிகம் ஒளிர்ந்தன என்பது கிடைமட்ட இடத்தைச் சொல்கிறது. சுவர்களுக்கு அருகே நிகழ்ந்த மோதல்களை ஒதுக்க இதுவே வழி. காமா கதிர் எலக்ட்ரானைத் தட்டினால் இரண்டாம் துடிப்பு முதலாவதோடு ஒப்பிடப் பெரிதாக இருக்கும்; அணுக்கரு தட்டப்பட்டால் அந்த விகிதம் குறையும். கரும்பொருள் அணுக்கருவைத் தட்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆகவே முதல் துடிப்பில் கைவிட்டுப்போகும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் இழப்பு. எல்.இசட் கலத்தில் பிறக்கும் 100 ஃபோட்டான்களில் ஏறத்தாழ 11 மட்டுமே பதிவாகின்றன என்பதைப் பார்த்தால், சுவரெங்கும் ஒளியைத் திருப்பியனுப்பும் டெஃப்லானைப் பதிப்பதற்கு ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது விளங்கும்.

கேள்வி: ஆர்கான் மலிவு. அதையே பயன்படுத்தக் கூடாதா?

பதில்: பயன்படுத்துகிறார்கள். ஆர்கானின் ஒளி 128 நானோமீட்டர். சாதாரணக் குழாயின் கண்ணாடியைத் தாண்டாது. அதனால் உட்சுவர்களில் ஒரு கரிமச் சேர்மத்தைப் படலமாகப் பூசி, அந்த ஒளியை நீல ஒளியாக மாற்றிக்கொள்கிறார்கள். ஆர்கானின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது: அதன் இரட்டைகளில் ஒருவகை சில நானோநொடிகளிலும், மற்றொருவகை ஒன்றரை மைக்ரோநொடியளவிலும் ஒளியை விடுகின்றன. அணுக்கரு தட்டப்படும்போது வேகமான வகை மிகுகிறது. துடிப்பின் வடிவம் ஒன்றைக்கொண்டே இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்தில் இருந்த டார்க்சைடு-50 கருவி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட எலக்ட்ரான் தட்டப்பட்ட நிகழ்வுகளை விலக்கிக் காட்டியது. காற்றிலிருந்து பிரித்த ஆர்கானில் கிலோவுக்கு நொடிக்கு ஒன்று என்ற அளவில் ஆர்கான்-39 என்ற கதிரியக்க வகை சிதைந்துகொண்டிருப்பதால், இந்தத் திறன் இல்லாமல் அங்கே வேலையே நடக்காது.

கேள்வி: சிலிக்கான் ஒளிப்பெருக்கிகள் வந்த பிறகும் பழைய குழாய்களை ஏன் விடாமல் இருக்கிறார்கள்?

பதில்: இது நல்ல கேள்வி, ஏனெனில் இதற்கு இரு வாயுக்களுக்கும் இரு விடைகள் உண்டு. சிலிக்கான் தகடு தட்டையானது, கதிரியக்கம் குறைந்தது, ஒற்றை ஃபோட்டானைத் தெளிவாக எண்ணக்கூடியது. அதன் குறை, இருளிலும் வெப்பத்தால் தானாகத் துடிப்பது. ஆர்கான் கொதிக்கும் மைனஸ் 186 டிகிரியில் அந்தப் போலித் துடிப்பு வெகுவாக அடங்கிவிடுகிறது. டார்க்சைடு-20கே கருவி சிலிக்கானைத் துணிந்து தேர்ந்ததற்கு இது முக்கியக் காரணம். செனானோ மைனஸ் 100 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அந்தக் குளிர் போதாது. அங்கே சம பரப்புள்ள சிலிக்கான், குழாயைவிடக் குறைந்தது பத்து மடங்கு அதிகமாகப் போலியாகத் துடிக்கும். குறைந்தது 3 குழாய்கள் ஒருசேர ஒளியைக் கண்டால்தான் முதல் துடிப்பு என்று ஏற்பது வழக்கம். போலிகள் பெருகினால் மூன்று தற்செயலாக ஒன்றுகூடுவதும் பெருகும். என் கருத்தில், இருள்துடிப்பு இன்னும் பல மடங்கு குறையும்வரை செனானில் குழாய்களை மாற்றுவது அவசரப்படுவதாகும்.

கேள்வி: இதுவரை ஏதேனும் கிடைத்ததா? கேமரா வைத்துப் படமெடுக்க முடியாதா?

பதில்: கரும்பொருள் கிடைக்கவில்லை. எல்.இசட் 2024இல் வெளியிட்ட 280 நாள் தரவிலும் எதுவும் தென்படவில்லை. அதே ஆண்டில் கிரான் சாசோவின் செனான்-என்டி கருவியும் சீனாவின் ஜின்பிங் ஆய்வகத்தின் பாண்டாஎக்ஸ்-4டி கருவியும், சூரியனில் போரான்-8 சிதைவில் பிறக்கும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் செனான் அணுக்கருவைத் தட்டியதற்கான முதல் அறிகுறிகளை அறிவித்தன. எடை குறைந்த கரும்பொருள் துகள் தட்டினாலும் ஏறக்குறைய இதே துடிப்புதான் வரும். ஒளியின் அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க இயலாது. தட்டிய துகள் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் சூரியனைக் கழித்துவிடலாம்.

கேமராவுக்கான இடம் அங்கேதான். கிரான் சாசோவில் சிக்னோ குழுவினர் ஹீலியத்தோடு கார்பன் டெட்ராஃபுளோரைடைக் கலந்து, வளிமண்டல அழுத்தத்தில் வைத்து, எலக்ட்ரான்களைப் பெருக்கும் துளைத்தகடுகளில் எழும் ஒளியைக் கேமராவால் படமெடுக்கிறார்கள். அந்தக் கலவை கண்ணுக்குப் புலப்படும் ஆரஞ்சு நிற ஒளியையும் தருவதால் சாதாரண வில்லையே போதுகிறது. எலக்ட்ரானின் நெளிந்த தடமும் அணுக்கருவின் குட்டையான, அடர்ந்த தடமும் படத்திலேயே வேறுபட்டுத் தெரிகின்றன. இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், ஒரு கன மீட்டர் அறையை அந்த வாயுவால் நிரப்பினாலும் எடை இரண்டு கிலோவைத் தாண்டாது.